எக்ஸ்-ஆர் கேட் தப்புக் கணக்குப் போட்டால்: சாயம் பூசிய ஒளி எலக்ட்ரோடுகளில் பிழை தேடும் வழி

கடத்தும் கண்ணாடியின்மேல் டைட்டானியம் டை ஆக்சைடு (சுருக்கமாக டைட்டானியா) படலம், அதன்மேல் ஒட்டிய சாயம், மின்பகுளிக்குள் மூன்று எலக்ட்ரோடுகள் (வொர்க்கிங்: இந்தச் சாயம் பூசிய கண்ணாடி; ரெஃபரன்ஸ்: மின்னழுத்தத்தை ஒப்பிட; கவுன்டர்: மின்சுற்றை முடிக்க), வெளியே இரண்டு எல்இடி விளக்குகள். ஒன்று புற ஊதா, இன்னொன்று நீலம். விளக்கு எரிந்தால் உள்ளீடு 1, அணைந்தால் 0. ஒளிமின்னோட்டம், எந்தத் திசையில் ஓடினாலும் சரி, வைத்த வரம்பைத் தாண்டினால் வெளியீடு 1. இந்த அமைப்பை லாஜிக் கேட்டாக, அதாவது 0, 1 உள்ளீடுகளுக்கு ஏற்ப 0 அல்லது 1 வெளியீடு தரும் சாதனமாக, ஓட்டும்போது திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளை அறிகுறி வாரியாகக் கீழே தருகிறேன்.

எடுத்துக்காட்டாக நான் வைத்துக்கொள்வது பென்டாசயனோஃபெரேட் என்ற இரும்பு-சயனைடு சேர்மத்தைச் சாயமாக ஒட்டிய டைட்டானியா எலக்ட்ரோடு. போலந்தின் யாகியெல்லோனியன் பல்கலைக்கழகத்தில் ஷாச்சிவோவ்ஸ்கி, மாசிக், ஸ்டோஹெல் ஆகியோர் 2006-இல் ஆர் (ஒரு விளக்காவது எரிந்தால் 1), எக்ஸ்-ஆர் (ஒன்று மட்டும் எரிந்தால் 1, இரண்டும் எரிந்தாலோ அணைந்தாலோ 0) என இரண்டு வேலையையும் இந்த வகை எலக்ட்ரோடில் செய்து காட்டினார்கள். குறிப்பிட்ட மின்னழுத்தத்தில் புற ஊதா ஒரு திசையிலும் (ஆனோடு திசை), கண்ணுக்குத் தெரியும் ஒளி எதிர்த் திசையிலும் (கேத்தோடு திசை) மின்னோட்டம் தரும். இரண்டும் ஒன்றாக எரிந்தால் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ருத்தேனியம் சாயம் பயன்படுத்துபவர்களுக்கும் கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தக் கேட்டில் 0 என்பது இரண்டு வகை. எதுவுமே நடக்காததால் வரும் 0 ஒன்று; இரண்டு மின்னோட்டங்கள் மோதிக் கழிந்ததால் வரும் 0 இன்னொன்று. மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். பாதி எலக்ட்ரோடு செத்துப்போனாலும் உண்மை அட்டவணையின் (எந்த உள்ளீட்டுக்கு எந்த வெளியீடு என்ற பட்டியலின்) இரண்டு வரிகள் சரியாகவே வரும். அதனால் 1 வர வேண்டிய இடத்தில் வரவில்லை என்று தேடுவதோடு நிற்காமல், 0 வந்த இடத்திலும் அது எப்படி வந்தது என்று கேளுங்கள்.

எலக்ட்ரோடைத் தொடுமுன்

கோளாறு என்றதும் புது எலக்ட்ரோடு செய்ய உட்கார்ந்துவிடாதீர்கள். படலம், சூளை, சாயம் என்று ஒரு நாள் போய்விடும். வயரிலும் விளக்கிலும் இருக்கும் கோளாறு புது எலக்ட்ரோடிலும் அப்படியே வரும். மூன்று சோதனைகள் போதும்.

முதலில் மின்தடைச் சோதனை. பொட்டென்ஷியோஸ்டாட்டின் (எலக்ட்ரோடின் மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்து மின்னோட்டத்தை அளக்கும் கருவியின்) கவுன்டர் வயரையும் ரெஃபரன்ஸ் வயரையும் ஒன்றாகச் சேர்த்து 10 கிலோஓம் மின்தடையின் ஒரு காலில் மாட்டுங்கள். வொர்க்கிங் வயரை மறுகாலில். 0.1 வோல்ட் கொடுத்தால் 10 மைக்ரோஆம்பியர் வர வேண்டும். உங்கள் ஒளிமின்னோட்டம் நானோஆம்பியர் அளவில்தான் என்றால் 1 மெகாஓம் வைத்துப் பாருங்கள், 100 நானோஆம்பியர் வரும். வராவிட்டால் வயரை மாற்றி இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் வராவிட்டால் கருவியைத் திறக்க வேண்டாம். அது சர்வீஸ்காரர் வேலை. இதே சோதனை இன்னொன்றையும் சொல்லிவிடும்: நேர் மின்னழுத்தத்துக்கு மென்பொருள் நேர் மின்னோட்டம் காட்டினால் ஆனோடு திசை நேர்க்குறி. சில மென்பொருள்களில் பழைய வழக்கப்படி கேத்தோடு திசைதான் நேர்க்குறி. இது தெரியாமல் கீழே உள்ள எக்ஸ்-ஆர் பகுதிக்குப் போனால் எல்லாம் தலைகீழாகத் தெரியும்.

அடுத்து ஃபோட்டோடையோடு சோதனை. கலத்தை (மின்பகுளியும் எலக்ட்ரோடுகளும் உள்ள பாத்திரத்தை) எடுத்துவிட்டு, அது இருந்த அதே இடத்தில் ஒரு சிலிக்கன் ஃபோட்டோடையோடை நிறுத்தி, 0 வோல்ட்டில் இரண்டு எல்இடியையும் தனித்தனியாக எரியவிடுங்கள். தெளிவான முகப்பு உள்ளதாகப் பாருங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் மூடியவை அகச்சிவப்பை மட்டும்தான் உள்ளே விடும். படி படியாக மின்னோட்டம் ஏறி இறங்கினால் விளக்கு, சுவிட்ச், வயர், மென்பொருள் எல்லாம் சரி. அந்த அளவுகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கடைசியாக இருட்டு. கலத்தைப் பெட்டியால் மூடி, இரண்டு விளக்கையும் அணைத்து, மின்னோட்டம் படிந்து அடங்கும்வரை விடுங்கள். மின்னழுத்தம் மாற்றியதும் டைட்டானியா படலம் மின்னேற்றத்தை உள்ளே வாங்கிக்கொண்டே இருக்கும். குறிப்பாக எதிர்மறை மின்னழுத்தத்தில் அது அடங்க நேரமெடுக்கும். அடங்குமுன் எடுத்த அளவை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

புற ஊதா எல்இடி கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும், ஆனால் கெடுதல் மங்கல் இல்லை. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் ஒளிப்பாதையைச் சரிசெய்யக் குனிய வேண்டாம்.

அறிகுறி: எந்த ஒளிக்கும் மின்னோட்டமே இல்லை

மேலே உள்ள மூன்றும் சரி என்றால் இனி எலக்ட்ரோடைப் பார்க்கலாம்.

கண்ணாடியின் எந்தப் பக்கம் கடத்தும் என்று மல்டிமீட்டரால் பாருங்கள். எஃப்டிஓ (ஃப்ளோரின் கலந்த டின் ஆக்சைடு) என்ற கடத்தும் பூச்சு ஒரு பக்கம்தான் இருக்கும். அந்தப் பக்கம் சில பத்து ஓம் காட்டும். மறுபக்கம் எதுவும் காட்டாது. படலத்தைத் தவறான பக்கம் பூசியிருந்தால் அதைக் காப்பாற்ற வழியில்லை, அடுத்த துண்டுக்குப் போங்கள். கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் டைட்டானியா ஏறியிருந்தால் சுரண்டிவிட்டு மறுபடி மாட்டுங்கள்.

கண்ணாடியின் பூச்சு எஃப்டிஓ இல்லாமல் ஐடிஓ (இண்டியம் டின் ஆக்சைடு) என்றால் சூளைக்குப் பிறகான மின்தடையைப் பாருங்கள். காற்றில் 450 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் ஐடிஓவின் கடத்தும் திறன் கணிசமாகக் குறைந்துவிடும். எஃப்டிஓ அந்தச் சூட்டைத் தாங்கும்.

படலத்தின் ஓரத்தில் ஈரமில்லாத துணியால் மெல்லத் தேயுங்கள். மாவு மாதிரி வந்தால் சரியாகச் சுடவில்லை என்று அர்த்தம். 450 டிகிரியில் அரை மணி நேரம் என்பது வழக்கமான அளவு; சூளையின் திரை காட்டும் எண்ணும் தட்டின்மேல் உள்ள சூடும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, தனி தெர்மோகப்பிள் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் சூளையை அளவுதிருத்தம் செய்பவரைக் கூப்பிடுங்கள். நீங்களே எண்ணைக் கூட்டிக் குறைத்து ஒப்பேற்றினால் அடுத்த தொகுதியில் மறுபடி இங்கேதான் வந்து நிற்பீர்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் மின்னோட்டம் இல்லையா? மின்பகுளியில் எலக்ட்ரானைக் கொடுக்கவோ வாங்கவோ ஆள் இல்லாமல் இருக்கலாம். கொஞ்சம் அயோடைடோ ட்ரைஎத்தனாலமைனோ சேர்த்து, புற ஊதாவை மட்டும் எரியவிட்டுப் பாருங்கள். ஆனோடு திசையில் மின்னோட்டம் எழுந்தால் எலக்ட்ரோடு உயிரோடுதான் இருக்கிறது, மின்பகுளியைத்தான் மாற்ற வேண்டும்.

அறிகுறி: புற ஊதாவுக்கு வருகிறது, நீலத்துக்கு வரவில்லை

இது சாயக் கோளாறு. அனடேஸ் வகை டைட்டானியாவின் ஆற்றல் இடைவெளி 3.2 எலக்ட்ரான்வோல்ட், ஏறக்குறைய 388 நானோமீட்டருக்குக் கீழான ஒளியைத் தானே விழுங்கி மின்னோட்டம் தந்துவிடும். பி25 போன்ற கலவை டைட்டானியா தூளில் ரூட்டைல் என்ற இன்னொரு வகையும் இருப்பதால் அந்த எல்லை 410 வரை நீளும். நீலம் அதற்கு வெளியே. ஆகவே புற ஊதா வேலை செய்வதை வைத்துச் சாயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

சாயமில்லாத ஒரு படலத்தை வெள்ளைத் தாளில் பக்கத்தில் வைத்து நிறத்தைப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியாவிட்டால் ஒட்டவில்லை. கார்பாக்சிலேட் கால் (டைட்டானியாவைப் பிடித்துக்கொள்ளும் பகுதி) உள்ள சாயங்களுக்கு அநேகமாக ஈரம்தான் எதிரி: சுட்ட படலம் அறையில் ஆறிக்கிடந்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சூடு 80 டிகிரி அளவில் இருக்கும்போதே சாயக் கரைசலில் இறக்கி, மூடி, இரவு முழுக்க விடுங்கள். வெளியே எடுத்ததும் அதே கரைப்பானால் அலசுங்கள். அலசாமல் விட்டால் ஒட்டாமல் சும்மா படிந்திருக்கும் சாயம் முதலில் ஒளியைத் தின்னும், பிறகு மின்பகுளியில் கரைந்து அதையும் நிறமாக்கும்.

நிறம் நன்றாக இருந்தும் நீலத்துக்கு மின்னோட்டம் இல்லையென்றால், ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள். மின்பகுளி வழியாக வந்தால் அதிலுள்ள ட்ரைஅயோடைடு நீலத்தின் ஒரு பங்கையும் புற ஊதாவில் பெரும்பங்கையும் தின்றுவிடும். கண்ணாடிப் பக்கமாக அடியுங்கள். இதற்கும் அசையவில்லை என்றால் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கும் இடத்துக்கு எலக்ட்ரோடைக் கொண்டுபோங்கள். உட்கவர் நிறமாலையில் (எந்த ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்ற வரைபடத்தில்) சாயத்தின் பட்டை இடம் மாறியிருந்தால் மூலக்கூறே சிதைந்திருக்கும். அதற்கு மேல் கண்ணால் தேடிப் பயனில்லை, பரப்பு வேதியியல் ஆய்வு செய்பவர் பார்க்க வேண்டும்.

அறிகுறி: இருட்டிலும் வெளியீடு 1

அறை விளக்கை அணைத்துப் பாருங்கள். இறங்கினால் பெட்டியில் ஓட்டை.

இறங்காவிட்டால் மின்பகுளி எங்கே தொடக்கூடாதோ அங்கே தொடுகிறது. முதலில் கிளிப். உலோகக் கிளிப் ஈரமானால் அதுவே தனி எலக்ட்ரோடாகி, அரித்துக்கொண்டே மின்னோட்டம் தரும். மின்பகுளியின் மட்டத்தைக் குறைத்துப் பாருங்கள். மட்டத்தோடு இருட்டு மின்னோட்டமும் இறங்கினால் காரணம் கிடைத்துவிட்டது. அடுத்தது படலம் மூடாத எஃப்டிஓ ஓரங்கள். அவற்றை எபாக்ஸியால் மூடுங்கள். கடைசியாகப் படலத்தின் நுண்துளைகள்: அடியில் இருக்கும் எஃப்டிஓவை மின்பகுளி அந்தத் துளைகள் வழியாக நேரே தொடும். இதற்கு மருந்து, படலம் பூசுமுன் கண்ணாடிக்கு டைட்டானியம் டெட்ராகுளோரைடு குளியல். 40 மில்லிமோலார் கரைசல், 70 டிகிரி, அரை மணி நேரம், பிறகு சூளை. நீர்த்த கரைசல் சாதுவானது. அதைத் தயாரிக்கும் அடர்த்தியான திரவம் அப்படியில்லை, காற்றின் ஈரம் பட்டதும் ஹைட்ரஜன் குளோரைடு புகையாகக் கிளம்பும். புகைபோக்கி அறையும் பழகிய ஆளும் இல்லாத இடத்தில் அந்தப் புட்டியைத் திறக்கக் கூடாது.

அறிகுறி: ஒளி பட்டதும் ஒரு குத்து, உடனே சரிவு

விளக்கு எரிந்த கணத்தில் மின்னோட்டம் கூர்மையாக எழும்பி, ஒரு நொடிக்குள் பாதியாகி, அணைந்ததும் எதிர்த் திசையில் இன்னொரு குத்து. நல்ல எலக்ட்ரோடு தரும் வடிவம் சதுரம். இது சதுரம் இல்லை. பிரிந்த மின்னேற்றங்கள் வெளியே போக வழியில்லாமல் திரும்பிச் சேர்ந்துவிடுகின்றன.

கலக்கியை ஓடவிட்டுப் பாருங்கள். சரிவு குறைந்தால் மின்பகுளியில் ஓட்டம் போதவில்லை. குறையாவிட்டால் எலக்ட்ரான் கொடுப்பானின் செறிவை இரட்டிப்பாக்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஒளியைப் பாதியாக்கிப் பாருங்கள். குறைந்த ஒளியில் வடிவம் சதுரமானால் எலக்ட்ரோடு நன்றாகத்தான் இருக்கிறது, நீங்கள்தான் அதை அளவுக்கு மீறி விரட்டுகிறீர்கள். கேட்டாக ஓட்ட அவ்வளவு ஒளி தேவையே இல்லை. வரம்பைத் தாண்டினால் போதும்.

பொட்டென்ஷியோஸ்டாட் அளவு எல்லையைத் தானே மாற்றிக்கொள்ளும் நிலையில் இருந்தாலும் இதே போல ஒரு போலிக் குத்து வரும். எல்லையைக் கையால் நிலைநிறுத்திவிட்டு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் வடிவம் வேறு கதை: பெரும்பாலும் படலம் தடிமன். மெல்லிய படலம் பூசுங்கள், அவ்வளவுதான்.

அறிகுறி: எக்ஸ்-ஆர் ஆக இருக்க வேண்டியது ஆர் ஆக நடக்கிறது

அதாவது இரண்டு விளக்கும் எரியும்போது 0 வர வேண்டும், 1 வருகிறது. அடிக்கடி வருவது இதுதான், எலக்ட்ரோடுமேல் பழி விழுவதும் இதற்குத்தான். அட்டவணையை மறந்துவிட்டு முதலில் மின்னோட்டத்தின் குறியைப் பாருங்கள். ஒவ்வொரு விளக்கையும் தனியாக எரியவிட்டு, எந்தத் திசை என்று எழுதுங்கள். இங்கிருந்து பாதை பிரிகிறது.

*இரண்டும் ஒரே திசை என்றால்*

மின்னழுத்தம் சரியான இடத்தில் இல்லை. நேர்ப்பக்கம் அதிகம் போனால் இரண்டு ஒளியும் ஆனோடு திசையில் தரும். எதிர்மறைப்பக்கம் அதிகம் போனால் இரண்டும் கேத்தோடு திசையில். இரண்டு கோடியிலும் கேட் ஆர்தான். நடுவில் ஒரு குறுகிய சன்னலில் மட்டும்தான் எக்ஸ்-ஆர்.

அந்தச் சன்னலைக் கண்டுபிடிக்க, விளக்கை விட்டு விட்டு எரியவைத்தபடி மின்னழுத்தத்தை நொடிக்கு 5 மில்லிவோல்ட் போல மெதுவாக நகர்த்துங்கள். முதலில் புற ஊதாவுக்கு ஒரு வரைபடம், பிறகு நீலத்துக்கு ஒன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் புற ஊதா சுழியக் கோட்டுக்கு மேலேயும் நீலம் அதற்குக் கீழேயும் (ஆனோடு திசை நேர்க்குறி என்றால்) இருக்கும் பகுதி கண்ணுக்குத் தெரியும். அதன் நடுவில் நில்லுங்கள், ஓரத்தில் வேண்டாம்.

நேற்றுவரை சரியாக இருந்த மின்னழுத்தம் இன்று சன்னலுக்கு வெளியே போயிருந்தால் சந்தேகம் ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடுமேல். அதே வகையில் இன்னொன்றை எடுத்து, இரண்டையும் ஒரே உப்புக் கரைசலில் நிறுத்தி, மல்டிமீட்டரில் வித்தியாசம் பாருங்கள். சில மில்லிவோல்ட் என்றால் பரவாயில்லை. பத்து இருபது என்றால் நிரப்பு கரைசலை மாற்றுங்கள், நுனியில் காற்றுக்குமிழி இருந்தால் தட்டி வெளியேற்றுங்கள். அப்படியும் திருந்தாவிட்டால் புதிது வாங்குங்கள், அதைப் பழுது பார்ப்பதில் லாபமில்லை. யாராவது வெள்ளி-வெள்ளி குளோரைடு ரெஃபரன்ஸுக்குப் பதிலாகக் கலோமெல் (பாதரச வகை) ரெஃபரன்ஸ் மாட்டியிருந்தாலும் இதுவே நடக்கும்: நிறைவுற்ற பொட்டாசியம் குளோரைடில் இரண்டுக்கும் நடுவே சுமார் 44 மில்லிவோல்ட் இடைவெளி. குறுகிய சன்னலுக்கு அதுவே போதும். இன்னொன்று, வெள்ளி குளோரைடு ஒளி பட்டால் மாறும் பொருள். புற ஊதா கதிர் ரெஃபரன்ஸ்மேல் விழாதபடி மறைப்பு வையுங்கள்.

ரெஃபரன்ஸ் சரி என்றால் அடுத்த சந்தேகம் மின்பகுளியின் பிஹெச் (அமில-கார அளவு). டைட்டானியாவின் ஆற்றல் மட்டங்கள் ஒரு பிஹெச் அலகுக்கு 59 மில்லிவோல்ட் நகரும். பிஹெச்சை நிலையாக வைக்கும் தாங்கல் கரைசல் இல்லாத வெறும் பொட்டாசியம் நைட்ரேட் கரைசல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கியே மெல்ல நகர்ந்துவிடும்.

*எதிரெதிர் திசைதான், ஆனால் கழியவில்லை என்றால்*

அளவு பொருந்தவில்லை. புற ஊதா பொதுவாகக் கூடுதலாகத் தரும், அதனால் அதைத்தான் குறைக்க வேண்டியிருக்கும். தனித்தனியாக அளந்து, கணக்குப் போட்டு, சமமாக வைத்தால் போதும் என்று தோன்றும். போதாது. இரண்டு ஒளியும் சேரும்போது கிடைப்பது தனித்தனி மின்னோட்டங்களின் நேர்க்கூட்டு அல்ல. ஒன்று எரிவது மற்றதன் பங்கை மாற்றிவிடும். நீலத்தை நிலையாக வைத்து, இரண்டையும் எரியவிட்டபடியே புற ஊதாவின் மின்னோட்டத்தைத் திருகி மீட்டரைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு தனித்தனியாக எரித்து, இரண்டும் வரம்பைத் தாண்டுகின்றனவா என்று சரிபாருங்கள். வரம்பு, இருட்டு இரைச்சலின் பல மடங்குக்கு மேலேயும் தனி உள்ளீட்டு மின்னோட்டத்தின் பாதிக்குக் கீழேயும் இருந்தால் நிம்மதியாக ஓடும்.

திருகுவது எப்படி என்பதும் முக்கியம். பிடபிள்யூஎம் முறையில் மங்கலாக்கும் டிரைவர் (எல்இடிக்கு மின்சாரம் தரும் சுற்று) விளக்கை உண்மையில் மங்கலாக்குவதில்லை, வேகமாக அணைத்து எரிக்கிறது. சராசரியில் பார்த்தால் சுழியம் வரும். ஆனால் ஒரு விளக்கு எரியும் கணத்தில் மற்றது அணைந்திருந்தால் அங்கே எதுவும் கழிவதில்லை, மாறி மாறி இரண்டு பக்கமும் துடிக்கிறது. வேகமாக அளக்கும் கருவியில் அது வரம்பைத் தாண்டிவிடும். நிலைமின்னோட்ட டிரைவர் வையுங்கள், இல்லாவிட்டால் விளக்கைத் தள்ளி வையுங்கள்.

இரண்டு ஒளிப்புள்ளிகளும் எலக்ட்ரோடில் ஒரே இடத்தில் விழ வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. கழிவதற்கு அது அவசியமில்லை, வயரில் சேரும்போதே கழிந்துவிடும். ஆனால் தனித்தனி இடங்கள் தனித்தனி வேகத்தில் தேயும், அதனால் சமநிலை நிற்காது. ஒரே இடத்தில் விழ வையுங்கள்.

*நிலையாகக் கழிகிறது, ஆனால் மாறும் கணத்தில் 1 எட்டிப் பார்க்கிறது என்றால்*

கோளாறில்லை. இரண்டு மின்னோட்டங்களும் ஒரே வேகத்தில் எழுவதில்லை. உள்ளீடு மாறிய பிறகு மின்னோட்டம் அடங்கும் நேரத்தை அளந்து, அதற்கு அப்புறம் வெளியீட்டைப் படிக்கும்படி மென்பொருளில் தாமதம் கொடுங்கள்.

*நீலம் மட்டும் கேத்தோடு திசைக்கு வரவே மறுக்கிறது என்றால்*

நைட்ரஜன் ஊதுகிறீர்களா? நிறுத்துங்கள். சூரிய மின்கலப் பழக்கத்தில் ஆக்சிஜனை விரட்டிவிட்டுத்தான் வேலை தொடங்குவோம். இங்கே கேத்தோடு மின்னோட்டத்துக்கு எலக்ட்ரானை வாங்கிக்கொள்வதே கரைந்திருக்கும் ஆக்சிஜன்தான். 25 டிகிரியில் காற்றோடு சமநிலையில் உள்ள தண்ணீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுதான் அது இருக்கும். சின்ன மூடிய கலத்தில் நீண்ட நேரம் ஓட்டினால் அதுவும் தீர்ந்துபோகும். பத்து நிமிடம் காற்று ஊதிவிட்டுப் பாருங்கள். கேத்தோடு மின்னோட்டம் திரும்பினால் காரணம் அதுதான், இனி காற்றை மெல்ல ஊதியபடியே ஓட்டுங்கள். குமிழி எலக்ட்ரோடில் படாதபடி மட்டும் குழாயை வையுங்கள்.

காற்று ஊதியும் திரும்பாமல், சன்னலும் எங்குமே தென்படாவிட்டால் மேற்பரப்பு வேதியியலே மாறியிருக்கலாம். ஒரு புதிய எலக்ட்ரோடோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதியதும் அப்படித்தான் என்றால் உங்கள் சாயத் தொகுதியை ஆய்வுக்கு அனுப்ப வேண்டிய கட்டம் வந்துவிட்டது. அதற்குச் செலவாகும் என்பதால்தான் இதைக் கடைசியில் வைத்தேன்.

அறிகுறி: தொடக்கத்தில் சரி, ஓட ஓடத் தப்பு

எந்த வழி தேய்கிறது என்று பிரித்துப் பாருங்கள். இங்கேதான் முதலில் சொன்ன இரண்டு வகை 0 காலை வாரும்: இரண்டு மின்னோட்டமும் சேர்ந்தே தேய்ந்தால், இரண்டும் எரியும் வரி கடைசிவரை அழகான 0 காட்டிக்கொண்டே இருக்கும். சில சுற்றுகளுக்கு ஒருமுறை தனித்தனி அளவையும் பதிவு செய்யுங்கள்.

இரண்டும் சேர்ந்து குறைந்தால் முதலில் விளக்கு. எல்இடி சூடேற ஏறச் சற்று மங்கும். பழைய ஃபோட்டோடையோடு எண்களோடு ஒப்பிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு ஃபோட்டோடையோடைப் பக்கத்திலேயே நிரந்தரமாக வைத்துவிடுங்கள். விளக்குக்கு வெப்பத்தட்டு போட்டு, அரை மணி நேரம் எரியவிட்டு, பிறகு அளக்கத் தொடங்கினால் பெரும்பாலும் தீரும்.

நீலம் மட்டும் குறைந்தால் சாயம் போகிறது. இரண்டு விதமாகப் போகும். கழன்று போனால் மின்பகுளி நிறமாகும். கார்பாக்சிலேட் கால்கள் அமிலத்தன்மையுள்ள நீரில் பிடித்து நிற்கும், காரத்தில் கழன்றுவிடும். பிஹெச்சை 4-க்குக் கீழே கொண்டுவாருங்கள், முடியாவிட்டால் ஃபாஸ்ஃபோனேட் கால் உள்ள சாயத்துக்கு மாறுங்கள். மின்பகுளி தெளிவாக இருந்து படலம் மட்டும் வெளுத்தால் சாயம் எரிந்துபோகிறது. டைட்டானியா ஒரு ஒளிவினையூக்கி. புற ஊதா பட்டால் தன்மேல் ஒட்டியிருக்கும் கரிம மூலக்கூறுகளையே சிதைக்கும். இந்தக் கேட்டின் ஓர் உள்ளீடே மற்ற உள்ளீட்டைத் தின்கிறது, அதைத் தவிர்க்க வழியில்லை, தள்ளிப்போடலாம். புற ஊதாவின் அளவைக் குறையுங்கள், படிக்கத் தேவையான நேரம் மட்டும் எரியவிடுங்கள், எலக்ட்ரான் கொடுப்பானைக் கூட்டுங்கள்.

சயனோஃபெரேட் எலக்ட்ரோடுக்கு மேலே சொன்ன அமில வைத்தியம் கிடையாது. வலுவான அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு வெளியேறும். புற ஊதா பட்டுக்கொண்டே இருந்தாலும் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சயனைடு பிரியும். பழைய மின்பகுளியை அமிலக் கழிவோடு சேர்க்காமல் தனிப் பாத்திரத்தில், காரத்தன்மையில் வைத்து, வேதிக்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

அறிகுறி: வெளியீடு நடுங்குகிறது

நடுக்கத்தின் அதிர்வெண்ணைப் பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. மின்வழங்கல் 50 ஹெர்ட்ஸ் என்றால், 50-இல் வரும் நடுக்கம் வயர்கள் வாங்கும் மின்காந்த இரைச்சல். வயரைச் சுருக்குங்கள், கலத்தை உலோகப் பெட்டிக்குள் வைத்து அதை ஒரே இடத்தில் எர்த் செய்யுங்கள், மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். 100-இல் மட்டும் வந்தால் முதலில் அறை விளக்கைச் சந்தேகியுங்கள். விளக்கு ஒரு சுற்றில் இருமுறை மின்னும். உங்கள் எலக்ட்ரோடு அதை நேர்மையாக அளந்து சொல்கிறது. அதற்கு இரும்புப் பெட்டி தேவையில்லை, கறுப்புத் துணி போதும். (60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 60, 120.)

அதிர்வெண் இதற்கெல்லாம் சம்பந்தமில்லாமல், பெரிய வீச்சில், விளக்கு அணைந்தாலும் தொடர்ந்தால் பொட்டென்ஷியோஸ்டாட்டே ஊசலாடுகிறது. அடைத்துக்கொண்ட ரெஃபரன்ஸ் நுனிதான் வழக்கமான காரணம். நுனியைச் சுத்தம் செய்யுங்கள். அவசரத்துக்கு, ஒரு பிளாட்டினம் கம்பியை 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வழியாக ரெஃபரன்ஸ் வயரோடு இணைத்து, கம்பியின் நுனியை மின்பகுளியில் நனைத்து வைக்கலாம். புது ரெஃபரன்ஸிலும் ஊசலாட்டம் நிற்காவிட்டால் கருவியை அனுப்பிவிடுங்கள்.

அறிகுறி: ஒரே தொகுதியில் ஒன்று சரி, மற்றது இல்லை

ஒளி படும் பரப்பைச் சமமாக்கிவிட்டு மறுபடி ஒப்பிடுங்கள். துளையிட்ட கறுப்பு நாடாவை ஒவ்வொரு எலக்ட்ரோடிலும் ஒட்டினால் போதும், சண்டையில் பாதி அங்கேயே முடியும். மிச்சம் படலத்தின் தடிமன். பசையைத் தேய்த்துப் பூசும்போது ஓரத்தில் ஒட்டிய நாடாவின் உயரம்தான் தடிமனை முடிவு செய்யும், நாடா ஓரிடத்தில் எழும்பியிருந்தால் அந்த எலக்ட்ரோடு வேறு எலக்ட்ரோடுதான். அதற்குச் சமநிலையைத் தனியாகத் திருகி எடுங்கள். இன்னொன்றுக்கு வைத்த எல்இடி அளவுகளை அப்படியே எடுத்துப் போட முடியாது.